தளத்தில் எல்லாம் இருக்கிறது, தேடினால் எதுவும் கிடைப்பதில்லை: பகுப்பதும் பெயரிடுவதும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் தளம் நடத்துபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. உதாரணம் வேண்டிய இடங்களில் எல்லாம் ஒரு சமையல் தளத்தையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லோருக்கும் பழக்கமான பொருள், பகுக்க உட்கார்ந்தால் எல்லோரையும் சண்டை போட வைக்கும் பொருளும் அதுதான்.

எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. வாசகர்களுக்கு மட்டும் ஏன் தெரிவதில்லை?

நம் வீட்டு அடுக்களையில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு இருக்கும், போர்ன்விட்டா டப்பாவில் மிளகு இருக்கும். அம்மாவுக்குக் குழப்பமே கிடையாது. ஊரிலிருந்து வந்த சித்தி ஒரு குழம்பு வைக்கட்டும், பத்து மூடியைத் திறந்து பார்ப்பார். உங்கள் தளத்தில் நீங்கள் அம்மா, வாசகர் சித்தி. எழுதியவருக்குத் தன் தளத்தில் வழி தெரிவது எந்தச் சான்றும் ஆகாது.

தேடுபெட்டி வைத்துவிட்டேன். அப்புறம் பகுப்பு எதற்கு?

தேடுபெட்டியில் எதையாவது தட்ட, பொருளின் பெயர் முதலில் தெரிந்திருக்க வேண்டும். ‘மழைக்காலத்துக்கு ஏதாவது சூடாக’ என்று வருபவருக்குப் பெயர் தெரியாது. அவருக்கு வேண்டியது சுற்றிப் பார்க்க ஒரு வழி.

இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாலான தளங்களோடு இலவசமாக வரும் தேடல், தட்டிய எழுத்துகள் அப்படியே இருக்கும் இடத்தைத்தான் காட்டும். தமிழில் அது பாதி நேரம் கைவிட்டுவிடும். ஏன் என்பதைக் கீழே எழுத்துக்கூட்டல் பற்றிய கேள்வியில் பார்க்கலாம்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

மெனுவிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஒரு எக்செல் தாளைத் திறந்து, தளத்தில் இருக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு வரிசையில் எழுதுங்கள்: தலைப்பு, முகவரி, இப்போது எந்தப் பகுப்பில் இருக்கிறது, கடைசியாக எப்போது திருத்தினீர்கள். 600 பக்கம் இருந்தால் இரண்டு மூன்று நாள் ஆகும். அலுப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்யும்போதே ஒரே ரசத்தை நான்கு முறை எழுதியிருப்பது தெரியும், 2014 பொங்கல் வாழ்த்து இன்னும் முகப்பில் தொங்குவது தெரியும். பகுப்பதற்கு முன்னால் தூக்கி எறிய வேண்டியதை எறிந்துவிடலாம். வீடு மாறும்போது செய்வதைப் போலத்தான்.

ஒரே குறிப்பு நான்கு பகுப்புகளுக்குப் பொருந்துகிறது. எதில் போடுவது?

இதுதான் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு சமையல் தளத்தின் மெனு பொதுவாக இப்படி இருக்கும்: குழம்பு, பொரியல், சைவம், அசைவம், காலை உணவு, செட்டிநாடு, தீபாவளி, குழந்தைகளுக்கு, பத்தே நிமிடத்தில். இதில் வத்தக்குழம்பு எங்கே போகும்? அது குழம்பு, சைவம். செட்டிநாட்டு முறையில் வைத்திருந்தால் அங்கேயும் போகும். ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், எல்லோர் சொல்வதும் சரியாகவே இருக்கும். கோளாறு பட்டியலில். ‘குழம்பு’ உணவின் வகை, ‘சைவம்’ சேர்க்கும் பொருளைப் பொறுத்தது, ‘செட்டிநாடு’ இடம், ‘தீபாவளி’ காலம், ‘பத்து நிமிடம்’ செய்ய ஆகும் நேரம். ஐந்து வேறு வேறு கேள்விகளுக்கான விடைகளை ஒரே வரிசையில் நிறுத்திவைத்திருக்கிறோம்.

இந்தச் சிக்கலை இணையத்தளங்கள் வருவதற்கு ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் சென்னையில் உட்கார்ந்து தீர்த்திருக்கிறார். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். நூலகவியல் படிக்க லண்டன் போனபோது, ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பெட்டியைப் பார்த்தார். அதே துளையிட்ட பட்டைகளையும் திருகுகளையும் மாற்றி மாற்றிப் பூட்டினால் கிரேனும் வரும், வண்டியும் வரும். புத்தகங்களுக்கும் அப்படிச் செய்தால் என்ன என்று தோன்றியது. அதற்கு முன் 1876 முதல் புழங்கிய டியூவி தசம முறை, அறிவு முழுவதையும் ஒரே மரமாகக் கிளை பிரித்தது. ஒவ்வொரு பொருளுக்கும் அதில் முன்கூட்டியே ஓர் இடம் இருக்க வேண்டும். ரங்கநாதன் மரத்தை விட்டுவிட்டு முகங்களை, அதாவது ஒரு பொருளைப் பார்க்கும் கோணங்களை, பிடித்தார். எந்தப் பொருளையும் அதன் மையப் பொருள், ஆக்கப் பொருள், செயல், இடம், காலம் என்று தனித்தனியே பார்த்து, பிறகு கோத்துக்கொள்ளலாம் என்றார். கோப்பதற்கு முக்காற்புள்ளி (ஆங்கிலத்தில் கோலன்) போட்டதால் கோலன் பகுப்பு என்று பெயர். 1933இல் வெளிவந்தது.

இன்று ஆன்லைன் கடையில் சேலை வாங்கும்போது நிறம், துணி, விலை என்று பக்கவாட்டில் கட்டங்களைத் தட்டுகிறோமே, அந்த வடிகட்டிகளின் அடிப்படை இதே எண்ணம்தான்.

உங்கள் தளத்துக்கு இதன் பொருள்: மேல் மெனுவுக்கு ஒரே ஒரு முகத்தைத் தேர்ந்தெடுங்கள். சமையலுக்கு ‘உணவின் வகை’ நன்றாக நிற்கும்: குழம்பு, ரசம், பொரியல், கூட்டு, சாதம், டிபன், இனிப்பு. ஒவ்வொரு குறிப்பும் அதில் ஓர் இடத்தில்தான் இருக்கும். சைவம், வட்டாரம், பண்டிகை, நேரம் ஆகியவை வடிகட்டிகளாகவோ குறிச்சொற்களாகவோ பக்கத்தில் வரட்டும்.

கேட்டகரி, டேக் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. கேட்டகரி, அதாவது பகுப்பு, புத்தகத்தின் பொருளடக்கம் மாதிரி. டேக், அதாவது குறிச்சொல், கடைசிப் பக்கத்தில் வரும் சொல்லடைவு மாதிரி. தளம் நடத்தப் பலர் பயன்படுத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் பகுப்புக்குள் உட்பகுப்பு வைக்கலாம், குறிச்சொல்லுக்குள் வைக்க முடியாது. அங்கே குறிச்சொல் 2007இல்தான் வந்தது. அதுவரை எல்லாவற்றையும் பகுப்பிலேயே திணித்தார்கள். அந்தக் காலத்தில் தொடங்கிய தளங்களில் 80, 90 பகுப்புகள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரே சொல்லைப் பகுப்பாகவும் குறிச்சொல்லாகவும் வைக்காதீர்கள். ஒரே பட்டியல் இரண்டு பக்கங்களில் வரும்.

மெனுவில் ஏழுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறார்களே?

ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் 1956இல் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய கதை. மனிதர்கள் குறுகிய நேரம் மனதில் நிறுத்திக்கொள்ளக்கூடியது ஏழுக்கு இரண்டு கூட, இரண்டு குறைய என்பது அதன் சாரம். மெனுவை யாரும் மனப்பாடம் செய்வதில்லை, கண்ணெதிரே இருக்கிறது. பத்து பெயர்களும் ஒன்றோடொன்று குழம்பாமல் இருந்தால் பத்து வைக்கலாம். ஐந்தே பெயர்தான், அதில் ‘கட்டுரைகள்’, ‘பதிவுகள்’, ‘படைப்புகள்’ மூன்றும் இருக்கின்றன என்றால் ஐந்துமே அதிகம்.

மூன்று சொடுக்குக்குள் எல்லாம் கிடைக்க வேண்டும் என்ற விதிக்கும் இதே நிலைமைதான். சரியான வழியில் போகிறோம் என்று தெரிந்தால் நான்காவது சொடுக்கை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

‘பிற’, ‘பொது’, ‘இதர’ வைக்கலாமா?

வேண்டாம். அதைத் திறந்து பார்ப்பவர் அநேகமாக நீங்கள் ஒருவர்தான். அதில் பத்துப் பக்கம் சேர்ந்துவிட்டால், பெயரில்லாத ஒரு பகுப்பு உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். பிரித்துப் பார்த்துப் பெயர் வையுங்கள்.

எங்கள் நிறுவனத்தில் எப்படிப் பிரிவுகள் இருக்கின்றனவோ அப்படியே மெனு வைத்தோம். அதில் என்ன தவறு?

வருபவருக்கு உங்கள் பிரிவுகள் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பிரிட்டன் அரசு 2012இல் பல தளங்களில் சிதறிக் கிடந்த சேவைகளைக் கவ்.யூகே என்ற ஒரே தளத்துக்குக் கொண்டுவரத் தொடங்கியபோது, முகப்பில் அமைச்சகங்களின் பெயரை முன்னே நிறுத்தவில்லை. வாகனம் ஓட்டுவது, பிறப்பு இறப்பு திருமணம், வீடு என்று மக்கள் என்ன வேலையாக வருகிறார்களோ அதை வைத்தே அடுக்கினார்கள். நம் ஊரில் நிலம் வாங்கப் போகிறவரை நினைத்துப் பாருங்கள். பட்டா வருவாய்த்துறை, வில்லங்கச் சான்று பதிவுத்துறை. அவருக்கு இரண்டும் ஒரே வேலை: ‘இடம் வாங்கப் போகிறேன், எதையெல்லாம் பார்க்க வேண்டும்?’ அந்தக் கேள்வியின் பெயரில் ஒரு பக்கம் இருந்தால், எது எந்தத் துறை என்று அவர் யோசிக்கவே வேண்டாம்.

பெயர்களைத் தூய தமிழில் வைப்பதா, பேச்சில் இருப்பது போல வைப்பதா?

இதற்கு என் பதில் சிலருக்குப் பிடிக்காது. வாசகர் எந்தச் சொல்லோடு வருகிறாரோ அந்தச் சொல்லைப் பெயரில் வையுங்கள். சரியான சொல் என்று நீங்கள் நினைப்பதை உள்ளே முதல் வரியில் எழுதுங்கள். அரசாணையில் ‘குடும்ப அட்டை’, தெருவில் ‘ரேஷன் கார்டு’. ‘வில்லங்கச் சான்று’ என்பதைப் பத்திர எழுத்தர் முதல் வீட்டுத் தரகர் வரை ‘ஈசி’ என்றுதான் சொல்கிறார்கள். ‘ரேஷன் கார்டு (குடும்ப அட்டை)’ என்று இரண்டையும் சேர்த்து வைத்தால் இரண்டு பேரும் வந்துசேர்வார்கள். தமிழ் ஒன்றும் குறைந்துவிடாது. அட்டையைத் தேடி வந்தவர் அந்தச் சொல்லையும் கற்றுக்கொண்டு போவார்.

ஆனால் தமிழ்ச் சொல்லே புழக்கத்தில் நிலைத்துவிட்ட இடங்களில் ஆங்கிலம் எதற்கு? ‘முகப்பு’, ‘தொடர்புக்கு’, ‘எங்களைப் பற்றி’ எல்லோருக்கும் புரியும். தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இயங்குகிறது. ‘பகுப்பு’, ‘உரையாடல்’, ‘வார்ப்புரு’ என்று அவர்கள் வைத்த பெயர்கள் நன்றாகவே நிலைத்திருக்கின்றன.

தவிர்க்க வேண்டியது வேறொன்று: கவிதைப் பெயர்கள். ‘தேன்துளிகள்’, ‘சாளரம்’, ‘அகல்விளக்கு’, ‘முற்றம்’. வைக்கும்போது சுகமாக இருக்கும். உள்ளே மருத்துவக் குறிப்பா, சிறுகதையா, ஆசிரியரின் கோபமா என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். இதழ்களில் இந்த வழக்கம் உண்டு, அங்கே வாசகர் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு வருவார். தளத்துக்கு வருபவர் கூகிளிலிருந்து நேராக நடுவில் குதிக்கிறார். விட மனமில்லை என்றால் ‘முற்றம்: வாசகர் கடிதங்கள்’ என்று பக்கத்தில் விளக்கம் போடுங்கள்.

வாசகர் ‘கோவில்’ என்று தேடுகிறார், நான் ‘கோயில்’ என்று எழுதியிருக்கிறேன். என்ன செய்வது?

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தளக் கையேடுகள் நமக்கு உதவாத இடம் இது. தமிழில் ஒரே பொருளுக்குப் பல எழுத்துக்கூட்டல்கள், எல்லாமே செல்லும்: கோயில், கோவில், பழநி, பழனி, வத்தக்குழம்பு, வத்தக் குழம்பு, வத்தல் குழம்பு. போதாததற்கு வேற்றுமை உருபு சேர்ந்தால் சொல்லே உருமாறிவிடும். ‘வீடு’ என்று தேடினால் ‘வீட்டில்’ அகப்படாது. ‘மரம்’ என்றால் ‘மரத்தை’ வராது. ‘குழம்பு’ என்றால் ‘குழம்புக்கு’ வரும், ‘குழம்பை’ வராது.

கண்ணுக்குத் தெரியாத சிக்கல்களும் உண்டு. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் ஓர் எண் தரும் முறையான யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது ஏகார இரட்டைச்சுழியையும் காலையும் தனித்தனியே வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்று போலிருக்கும். எளிய தேடலுக்கு இரண்டும் வேறு. ‘ஸ்ரீ’யிலும் இப்படி இரண்டு வழி இருக்கிறது. எல்லாவற்றையும்விட மோசம் ஔகாரம். ‘கௌரி’ என்பதற்குப் பதில் பலர் ஒற்றைக்கொம்பு, ககரம், பிறகு ளகர எழுத்து என்று தட்டி ‘கெளரி’ ஆக்கிவிடுகிறார்கள். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கணினி அதைக் ‘கெ-ள-ரி’ என்று மூன்று எழுத்தாகத்தான் படிக்கிறது.

ஓகாரச் சிக்கலை, உரையைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் யூனிகோட் இயல்பாக்கம் (இரண்டு விதங்களையும் ஒன்றாக்குவது) செய்தால் தீர்த்துவிடலாம். நிரலாளரிடம் ‘என்எஃப்சி’ என்று சொன்னால் போதும். ஆனால் ‘கெளரி’யை அது தொடாது. அது தட்டச்சுப் பிழை, கையால்தான் களைய வேண்டும்.

நிரலாளர் கையில் இல்லாதவர்களுக்கு ஒரு ஏழைத் தீர்வு: தளம் முழுக்க ஒரே எழுத்துக்கூட்டலை வைத்துக்கொள்ள ஒரு பக்கப் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பிறகு முக்கியமான பக்கங்களில் மாற்று வடிவங்களை இயல்பாக ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்: ‘வத்தல் குழம்பு, வத்தக்குழம்பு என்று எப்படிச் சொன்னாலும் சுண்டைக்காய் வற்றல்தான் உயிர்.’ தேடலும் பிடித்துக்கொள்ளும், வாசகருக்கும் உறுத்தாது.

அகரவரிசைப் பட்டியல் போட்டேன். வரிசை தப்பாக வருகிறதே?

கணினி உங்கள் சொற்களை யூனிகோட் எண்படி அடுக்கியிருக்கும். அந்த எண் வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை அல்ல. அதில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் ஜ. புள்ளியின் எண்ணோ எல்லா மெய்களுக்கும் பிந்தியது. அகராதியில் ‘பக்கம்’ முன்னே, ‘பகல்’ பின்னே. எண்படி அடுக்கினால் தலைகீழ். தமிழுக்கென அகரவரிசை விதி தயாராகவே இருக்கிறது. தரவுத்தளத்திலோ ஜாவாஸ்கிரிப்டிலோ வரிசைப்படுத்தும்போது மொழி தமிழ் என்று குறிப்பிட வேண்டும், அவ்வளவுதான். செய்துவிட்டுப் ‘பக்கம்’, ‘பகல்’ இரண்டையும் போட்டுச் சோதித்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும் அகரவரிசையில் போடலாமா என்றும் கேட்கிறார்கள். பெயர் தெரிந்து வருபவருக்கு மட்டும்தான் அது உதவும். நம் முன்னோர் திவாகரம் போன்ற நிகண்டுகளில் சொற்களைத் தெய்வம், மக்கள், விலங்கு, மரம் என்று பொருள்வாரியாகத்தான் தொகுத்தார்கள். சொற்களை முதலெழுத்துப்படி அடுக்கிய ‘அகராதி நிகண்டு’ 1594இல்தான் வந்தது. இரண்டு வழிக்கும் ஆள் இருக்கிறார்கள். 200 ஊர்ப் பெயர்களா, அகரவரிசை. 200 சமையல் குறிப்புகளா, வகைவாரியாக வைத்து, அகரவரிசையைத் துணைக்கு ஒரு பக்கமாகப் போடுங்கள்.

பக்கத்தின் முகவரியைத் தமிழில் வைக்கலாமா?

வைக்கலாம், கணக்குத் தெரிந்து வையுங்கள். ஒரு தமிழ்க் குறி, யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். முகவரியில் அது சதவீதக் குறிகளோடு 9 எழுத்தாக விரியும். ‘கோயில்’ என்பதில் ஆறு குறிகள் (க, ஓகாரக் குறி, ய, இகரக் குறி, ல, புள்ளி), ஆக 54 எழுத்து. வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தின் முகவரித் துண்டுக்கு 200 எழுத்துதான் இடம் தருகிறது. ‘வத்தக்குழம்பு வைப்பது எப்படி’ என்று தலைப்பு வைத்தால், முகவரியின் கடைசிச் சொல் ‘எப’ என்று அறுந்து நிற்கும். வாட்ஸப்பில் அனுப்பினால் ஒரு முழ நீளத்துக்குச் சதவீதக் குறிகள் ஓடும், ஏதோ வைரஸ் என்று நினைத்து மாமா அதைத் தொடவே மாட்டார்.

எனவே தலைப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் முகவரியைக் கையால் சுருக்கி ‘வத்தக்குழம்பு’ என்று மட்டும் வையுங்கள். அல்லது ரோமன் எழுத்தில் வையுங்கள். பாதி அப்படி, பாதி இப்படி வேண்டாம்.

பகுப்புகளை மாற்றினால் பழைய இணைப்புகள் உடைந்துவிடாதா?

உடையும், நீங்கள் கவனிக்காவிட்டால். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று எழுதிவைத்தார். மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 என்ற நிரந்தரத் திருப்பிவிடலைப் போடுங்கள். 302 தற்காலிகம், அதைப் போடாதீர்கள். ஆரம்பத்தில் சொன்ன எக்செல் தாளில் பழைய முகவரி ஏற்கனவே இருக்கும், பக்கத்தில் புதியதை எழுதினால் திருப்பிவிடும் பட்டியல் தயார். முகவரிக்குள் பகுப்பின் பெயரே வராதபடி முதலிலேயே அமைத்துவிட்டால், நாளைக்கு மறுபடி பகுத்தாலும் இந்தத் தலைவலி இல்லை.

‘இங்கே சொடுக்கவும்’ என்று எழுதலாமா?

வேண்டாம். பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் வழியாக இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்பது உண்டு. ‘இங்கே, இங்கே, இங்கே’ என்று பத்து முறை கேட்டால் என்ன புரியும்? ‘சுண்டைக்காய் வற்றல் போடும் முறை’ என்று எழுதி அதையே இணைப்பாக்குங்கள்.

பகுத்தது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் போதும். நாற்பது, ஐம்பது பக்கத் தலைப்புகளைச் சீட்டுக்கு ஒன்றாக எழுதுங்கள். தளத்தைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, ‘எதெது சேர்ந்து போகும் என்று அடுக்குங்கள், ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு பெயர் வையுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். பேசாமல் இருப்பதுதான் கஷ்டம். எத்தனை பேர் வேண்டும் என்றால், பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 15 பேர் என்கிறார். ஐந்து பேரிடம் செய்தாலே உங்கள் பாதி நம்பிக்கைகள் ஆட்டம் காணும்.

அடுத்து இதையே திருப்பிச் செய்யுங்கள். மெனுவின் பெயர்களை மட்டும் தாளில் எழுதிக் காட்டி, ‘பால் கொழுக்கட்டை வேண்டும், எதைத் தொடுவீர்கள்?’ என்று கேளுங்கள். இனிப்பு என்பார் ஒருவர், டிபன் என்பார் இன்னொருவர், பிள்ளையார் சதுர்த்தி எங்கே என்பார் மூன்றாமவர். கைகள் எங்கே தயங்குகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் தேடுபெட்டியில் வாசகர்கள் தட்டிய சொற்களையும் மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒன்றும் கிடைக்காமல் போன சொற்கள்தான் அதில் முக்கியம்.

குறிச்சொற்கள் 400 சேர்ந்துவிட்டன. அழித்துவிடலாமா?

எண்ணிக்கையின்படி வரிசைப்படுத்துங்கள். ஒரே ஒரு பதிவில் மட்டும் வரும் குறிச்சொற்கள் அடியில் பெரும் கூட்டமாக நிற்கும். அவற்றில் ‘சுவையான’, ‘சூப்பர்’, ‘அருமை’ வகையறாவைத் தயங்காமல் நீக்குங்கள். ‘கத்தரிக்காய்’, ‘கத்திரிக்காய்’, ‘கத்தரி’ மூன்றும் இருந்தால், எந்த வடிவத்தில் அதிகப் பதிவுகள் இருக்கின்றனவோ அதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அதில் சேருங்கள், முகவரிகளையும் 301 வழியே அங்கே திருப்பிவிடுங்கள். சுவரில் ஒட்டிய பட்டியலில் ‘கத்தரிக்காய்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டு அடுத்த காய்க்குப் போங்கள். வெண்டைக்காயில் இந்தப் பிரச்சினை இல்லை.